வளைவுக்கு முன் ஒரு நீண்ட ஊதல்

அன்புள்ள செல்லத்துரை,

நீ கேட்ட ஞானஸ்நானச் சான்றிதழ் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. பாதிரியார் வெளியூர் போயிருந்ததால் வாங்கத் தாமதமாயிற்று. வயதுக்கு அத்தாட்சியாக அது போதும் என்று எழுதியிருந்தாய். பெயரும் பிறந்த நாளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டேன். அதோடு வாழ்த்து என்று ஒரு வரி எழுதி உறையை ஒட்டியிருக்கலாம். அடுத்த மாதம் பரீட்சை அதிகாரியின் முன்னால் போய் நிற்கப் போகிறாய். தேறிவிட்டால் கொல்லத்துக்கும் ஆலப்புழைக்கும் நடுவே ஓடும் பயணிகள் படகு ஒன்றின் சுக்கான் உன் கைக்கு வரும். எந்தத் தகப்பனுக்கும் சந்தோஷமான செய்திதான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உன் இடது காது கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரியாதவனைப் போல வாழ்த்து எழுத எனக்குக் கை ஓடவில்லை. அதனால்தான் இது நீண்ட கடிதமாகிவிட்டது. வேலை முடிந்த பிறகு, தனியாக உட்கார்ந்து படி.

நீ என்னிடம் சொல்லவில்லை. நான் உன்னிடம் கேட்கவும் இல்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ வந்திருந்தபோது, உன் அம்மாவின் கல்லறைக்குப் போய்விட்டு பரளச்சிக் கண்மாய்க்கரை மேலே நாம் திரும்பி நடந்தது நினைவிருக்கிறதா? கார்த்திகை மழையில் கீழே வண்டிப்பாதை கரிசல் சேறாகிக் கிடந்ததால் வண்டிகளெல்லாம் கரை மேல்தான் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கரையின் வழக்கம் உனக்குப் புதிதல்ல. ஒரு வண்டிதான் போகலாம். எதிரே லோடு வண்டி வந்தால் வெறும் வண்டிதான் பின்னுக்குப் போய்ச் சரிவில் இறங்கி வழிவிட வேண்டும். மடைக்குப் பக்கத்து வளைவில் உடைமரம் மறைப்பதால், வளைவு வருமுன்பே வண்டிக்காரர் நீளமாக ஒரு ‘ஓ’ போடுவார். அந்தப் பக்கம் இருப்பவர், வண்டியானாலும் நடை ஆளானாலும், அதே மாதிரி ஒரு ‘ஓ’ போட வேண்டும். நான் செருப்பு வாரைச் சரிசெய்யப் பின்தங்கிவிட்டேன். நீ முன்னால் போய்க்கொண்டிருந்தாய். வளைவுக்கு அப்பாலிருந்து, உன் இடது கைப்பக்கம், ‘ஓ’ வந்தது. பின்னால் அவ்வளவு தூரத்தில் குனிந்திருந்த எனக்குக் கேட்டது. நீ பதில் கொடுப்பாய் என்று நான் சும்மா இருந்தேன். இன்னொரு முறையும் வந்தது. நீ கையை வீசிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தாய்.

பருத்திப் பொதி ஏற்றிய முத்தையாவின் வண்டி அது. மாட்டின் கொம்பு உன் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. பரளச்சியில் அவரைப்போல வாய் உள்ள வண்டிக்காரர் வேறு யார்? "ஏலே, காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? வண்டியில இருக்கிறது பத்தாதுன்னு நீ வேற தனியா வச்சிருக்கியா? தொண்டை கிழிய ஓ போட்டேன்ல!" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "ஏதோ யோசனையில வந்துட்டேன் அண்ணாச்சி" என்றாய். "யோசனை பண்ண ஊருக்குள்ள இடமா இல்ல? ஒன் யோசனை எனக்குத் தெரியும், மாட்டுக்குத் தெரியுமாப்பா?" என்றார். நான் ஓடி வந்து, பதில் வராவிட்டால் இறங்கி வளைவைப் பார்த்துவிட்டு வருவதுதானே வழக்கம் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தணிந்துபோனார். "வழக்கந்தான் அய்யா. இப்ப யாரு எறங்குறா? சத்தம் இல்லைன்னா ஆள் இல்லைன்னு ஓட்டிட்டுப் போயிருதோம்." அந்த ஒரு வாக்கியத்தை நான் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யோசனையில் இருப்பவன் ஒரு சத்தத்தைத் தவறவிடலாம். நிருபனாக, ஒரே ஒரு ஆதாரத்தை மட்டும் வைத்து நான் எந்தச் செய்தியும் மதுரைப் பத்திரிகைக்கு அனுப்பியதில்லை. உன் விஷயத்திலும் அனுப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கவனிக்கத் தொடங்கிவிட்டேன். கோயிலில் நீ பெஞ்சின் இடது ஓரத்தையே பிடித்தாய். எல்லாரும் உன் வலப்பக்கம் வந்துவிட்டார்கள். சாப்பிடும்போது பலகையை நகர்த்தி, சுவர் உனக்கு இடப்பக்கம் இருக்கும்படி போட்டுக்கொண்டாய். திருச்சுழி பஸ்ஸில் கண்டக்டர் இடது பக்கத்திலிருந்து டிக்கெட் கேட்டபோது நீ வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். கரி அடுப்பில் ஓடுகிற பஸ், அந்த இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு சாயங்காலம், நீ முகம் மழித்துக்கொண்டிருக்கையில், இடப்பக்கம் நின்று உன் பெயரை மெதுவாகக் கூப்பிட்டேன். உன் கத்தி நிற்கவில்லை. வலப்பக்கம் வந்து அதே குரலில் கூப்பிட்டேன். "என்னப்பா?" என்று உடனே திரும்பினாய். "ஒண்ணுமில்ல, தண்ணி சுடுதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டேன். பாஸ்ராவில் படகுத்துறைக்குப் பக்கத்தில் வெடிமருந்துப் படகு வெடித்தது, உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யுத்தத்தின்போது நீ எழுதியது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அம்மாவுக்கு இது முன்பே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். நம் தெருவில் பகல் முழுக்கத் தறிச்சத்தம். கூப்பிட்டால் கேட்காது என்று அவள் பித்தளைத் தட்டைக் கரண்டியால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் சாப்பாடு ஆயிற்று. இரண்டு தட்டு என்றால் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. விடாமல் தட்டினால் எதுவோ கொட்டிவிட்டது. நீ யுத்தத்திலிருந்து திரும்பி வந்த பிறகு அவள் தட்டை ஓங்கித் தட்டத் தொடங்கினாள். "தட்டு நசுங்கிப் போகும், எதுக்கு இந்த அடி?" என்று ஒருநாள் சொன்னேன். "புள்ளைக்குக் கேக்க வேணாமா?" என்றாள். நீ அறைக்குள்ளே, பத்தடியில்தான் இருந்தாய். நான் பேப்பரைத் திருப்பிப் படித்தேன். அந்தத் தட்டில்தான் இப்போது நான் சாப்பிடுகிறேன். விளிம்பில் ஒரு பக்கம் சற்று வளைந்திருக்கிறது. ரசம் அந்தப் பக்கம் வழியும், அதனால் திருப்பி வைத்துக்கொள்வேன்.

அவள் போன பிறகு நீ என்னைக் கொல்லத்துக்கு வரவழைத்தாய். விருதுநகரில் ரயில் ஏறி, செங்கோட்டை மலையைத் தாண்டி வந்து இறங்கியபோது, எனக்கு அவ்வளவு தண்ணீரைப் பார்த்துப் பயமாகத்தான் இருந்தது. நீ அப்போது குஞ்ஞப்பனுக்கு உதவியாளன். சுக்கான் பிடிப்பவரை ஸ்ராங்கு என்று அங்கே சொல்வார்கள் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். அந்தப் பெரிய ஸ்ராங்கு என்னைப் பார்த்து, "சாரே, உங்கட நாட்டில் வெள்ளமே இல்லல்லோ, மகனை எப்படி இதுக்கு விட்டீங்க?" என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் நீ முந்திக்கொண்டாய்: "எங்க ஊர்ல கண்மாய்க்கரை இருக்கு ஆசானே. கரையில வண்டி ஓட்டத் தெரிஞ்சவனுக்கு உங்க தோடு, கால்வாயெல்லாம் ராஜபாட்டை." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

அன்று நீ சொன்னதெல்லாம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. குறுகிய கால்வாயில் படகு தன் வலது கரையை ஒட்டியே போக வேண்டும். ரோட்டில் இடதுபக்கம் போகிற நமக்கு அது தலைகீழ். எதிரே வருகிற படகும் தன் வலத்தைப் பிடித்து வரும். இரண்டும் ஒன்றையொன்று இடப்பக்கம் விட்டுக் கடந்துபோகும். சங்கில் ஒரு சிறிய ஊதல் என்றால் வலது பக்கம் திரும்புகிறேன். இரண்டு சிறிய ஊதல் என்றால் இடது பக்கம். மூன்று என்றால் எஞ்சினைப் பின்னுக்கு ஓட்டுகிறேன். முந்திப் போகிறவன்தான் ஒதுங்கிப் போக வேண்டும். முந்தப்படுகிறவன் தன் வழியை மாற்றக் கூடாது. மூங்கில் கழுக்கோல் ஊன்றிக் கொப்பரை ஏற்றி வரும் வள்ளங்களைக் கண்டால் எஞ்சினைத் தணிக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் அலையே அவற்றைக் கவிழ்த்துவிடும். வளைவுக்கு முன் ஒரு நீண்ட ஊதல். மறுபக்கம் யாராவது இருந்தால் அதே போல ஒரு நீண்ட ஊதலில் பதில் சொல்ல வேண்டும். "பதில் வரலைன்னா?" என்று கேட்டேன். "எதிர்ல படகு இல்லைன்னு அர்த்தம் அப்பா" என்றாய். "வள்ளத்துக்காரன்கிட்டச் சங்கு ஏது?" என்றேன். "அவுக வாயாலதான் கூவுவாக. நாமதான் காதைத் தீட்டி வச்சுக்கணும்" என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகம் மாறவே இல்லை.

அப்போது எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் இப்போது தெரிகின்றன. அந்தப் பயணம் முழுக்க நீ என்னை உன் வலப்பக்கம் நிற்கச் சொன்னாய். அங்கிருந்து கரை நன்றாகத் தெரியும் என்றாய். குஞ்ஞப்பன் உன் இடப்பக்கம் நின்றார். தென்னைகளுக்குள்ளிருந்து எந்த வள்ளம் கூவினாலும், சுக்கான் உன் கையில் இருக்கும்போதும், அவர்தான் "ஹோய்" என்று பதில் கொடுத்தார், கையால் உன் தோளைத் தொட்டார். அவருக்குத் தெரிந்திருக்கலாம். வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாததை நான் சொல்லக் கூடாது. ஆனால் அவர் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார், அவருடைய படகுதான் உனக்கு வருகிறது என்று நீ எழுதியிருக்கிறாய். அப்படியானால் அடுத்த மாதத்திலிருந்து உன் இடப்பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.

பரீட்சையில் நீ தேறிவிடுவாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதிகாரி உனக்கு நேராக உட்கார்ந்து கேட்பார். நீ விதிகளை ஒப்பிப்பாய். ஒரு காது உள்ளவன் ஒரு அறைக்குள் எல்லாம் கேட்கிறவன்தான். கால்வாய் அறை அல்ல. சத்தம் வந்ததா என்று சொல்ல ஒரு காது போதும். எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்ல இரண்டும் வேண்டும். இது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டு தோடுகள் பிரிகிற இடத்தில், மழையில், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் எந்தத் தோட்டிலிருந்து என்று நீ எப்படித் தீர்மானிப்பாய்? அதையும்விட என்னை உறுத்துவது முத்தையா சொன்னதுதான். சத்தம் இல்லைன்னா ஆள் இல்லைன்னு ஓட்டிட்டுப் போயிருதோம். உனக்குக் கேட்காதது உன்னோடு நிற்பதில்லை, செல்லத்துரை. நீ பதில் கொடுக்காத ஒவ்வொரு முறையும், வளைவுக்கு அப்பால் இருப்பவனிடம் வழி காலி என்று நீ சொல்லிவிடுகிறாய். அவன் விதிப்படிதான் வருவான்.

போன வாரம் வீரசோழன் ஊர்க்காரர் யூசுப் ராவுத்தர் டவுனுக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். மிளகு வாங்க ஆலப்புழை போய்வருகிறவர். உன் படகில் ஏறியிருக்கிறார். "ஒங்க மகன் போட் ஓட்டுறாகன்னு சொன்னா எங்க ஊர்ல ஒருத்தனும் நம்பமாட்டேங்கிறான். குண்டாத்துல மணல் வண்டி ஓட்டுறதை மாத்திச் சொல்றீரு பாயிங்கிறான்" என்று சிரித்தார். மகளை ஆலப்புழையில் கட்டிக்கொடுக்கிறாராம். "நிக்காஹ் ஆளுகளை எல்லாம் அவுக போட்டுலதான் கூட்டிட்டுப் போகப் போறேன். நம்ம புள்ள கையில சுக்கான் இருந்தா நான் நிம்மதியாத் தூங்கிட்டுப் போவேன்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு வெகுநேரம் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதை எழுதுமுன் என்னையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டுப் பார்த்தேன். உன் மகன் அந்த வேலையை இழந்தால் யாருக்கு லாபம் என்று கேட்டேன். எனக்குத்தான். சுக்கான் இல்லையென்றால் நீ இங்கே வந்துவிடுவாய் என்ற நினைப்பு எனக்குள்ளே இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உனக்கு யோசனை சொன்னால் என் சாட்சியம் நிற்காது. சாயங்காலம் தறிகள் நின்றதும் இந்தத் தெருவில் ஒரு அமைதி விழுகிறது. முன்பெல்லாம் அது எனக்குப் பிடிக்கும், எழுத உட்காருவேன். இப்போது அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்கிறேன். யாரையும் எதிர்பார்த்து அல்ல. விருதுநகர் பஸ்ஸில் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பது நிருபருக்கு வேலை என்று சொல்லிக்கொள்கிறேன். கடைசி ஆள் இறங்கியதும் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வந்து, உன் குரலில் யாரோ கூப்பிட்டதுபோல இருந்து, கதவைத் திறந்து பார்த்ததும் உண்டு. உனக்குக் கேட்க வேண்டியது கேட்கவில்லை; எனக்கு இல்லாதது கேட்கிறது. அப்படிப்பட்டவன் சொல்வதை நீ எடைபோட்டுத்தான் கேட்க வேண்டும்.

அதனால் இது முத்தையாவின் மகன் என்று வைத்துக்கொண்டு மறுபடி யோசித்தேன். அவன் வந்தாலும் போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவனுக்கும் இதையேதான் சொல்லியிருப்பேன்: பரீட்சைக்குப் போ, அதிகாரி கேட்காவிட்டாலும் நீயாகச் சொல். அவர் சுக்கானைத் தர மறுத்தால் எஞ்சினைக் கேள். பட்டாளத்தில் நீ எஞ்சின் கற்றவன். மேலேயிருந்து ஸ்ராங்கு கயிற்றை இழுத்தால் எஞ்சின்காரரின் தலைக்கு மேல் மணி அடிக்கும். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவர் யோசிக்க வேண்டியதில்லை. கீழே வெக்கை, எண்ணெய், வெளியே ஒன்றும் தெரியாது. சுக்கானுக்கு முன் நின்று காற்று முகத்தில் பட வந்தவனுக்கு அது இறக்கம்தான். அதை இறக்கம் இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். ஆனால் நீ அந்தத் தண்ணீரிலேயே இருக்கலாம். இங்கே வா என்று நான் கூப்பிடவில்லை. இங்கே உனக்கு வேலையும் இல்லை. மிளகாய் மூட்டைக்குக் காவல் இருக்கவா பாஸ்ரா வரை போய் வந்தாய்?

சான்றிதழை அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது. பாதிரியார் இன்னும் வரவில்லை என்று ஒரு கார்டு போட்டிருந்தால் பரீட்சை நாள் தாண்டிப்போயிருக்கும். அது வழி மறித்து வண்டியை நிறுத்துகிற வேலை. நீ வளர்ந்தவன். சுக்கான் உன் கையில் இருக்கிறது. நான் என் பக்கத்திலிருந்து ஊதலாம், அவ்வளவுதான். உன் கம்பெனிக்கு நான் எழுத மாட்டேன். குஞ்ஞப்பனிடமும் கேட்க மாட்டேன். ராவுத்தரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மகள் கல்யாணம் பங்குனியில் என்பதை மட்டும் உனக்குச் சொல்லிவைக்கிறேன்.

இங்கே கண்மாய் வற்றத் தொடங்கிவிட்டது. கீழ்ப்பாதை காய்ந்து வண்டிகள் இறங்கிவிட்டன. கரை மேல் இப்போது யாரும் ‘ஓ’ போடுவதில்லை. நேற்று முத்தையாவைச் சந்தையில் பார்த்தேன். "தம்பி போயிட்டாகளா அய்யா? அன்னைக்கு எனக்குக் கொஞ்சம் வாய் நீண்டுட்டுது" என்றார். "இல்ல, நல்லாத்தான் கேட்டீரு" என்றேன். "இப்பல்லாம் பதில் வராட்டி எறங்கிப் பாத்துட்டுத்தான் ஓட்டுதேன். அன்னைக்கு அந்தக் கொம்பு நின்ன நிலைமை கண்ணுக்குள்ளயே இருக்கு" என்றார்.

பதில் எழுது. நீளமாக வேண்டாம். அதிகாரியிடம் சொல்கிறேன் என்றோ, சொல்ல மாட்டேன் என்றோ எழுதினாலும் போதும். கோபித்து எழுதினாலும் அது பதில்தான். எழுதாமல் இருந்துவிடாதே. உன்னிடமிருந்து சத்தம் வராவிட்டால், எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். உன் பரீட்சைக்கு முன்னால் விருதுநகரில் ரயில் ஏறி, மலையைத் தாண்டி, கொல்லத்துப் படகுத்துறையில் வந்து இறங்கி, உன் இடப்பக்கம் நிற்பேன்.

உன் அப்பா